பழைய அமெரிக்கச் சவரக் கத்தி: அறிகுறியைப் பார்த்துக் கோளாறைக் கண்டறிவது

பழைய சவரக் கத்தி ஒன்று கைக்கு வந்ததும் பெரும்பாலோர் முதலில் தேடுவது உப்புத்தாளைத்தான். நூறு ஆண்டு ஈரத்தையும் புழுக்கத்தையும் தாங்கி நின்ற அலகு, புதிதாக வாங்கியவரின் ஒரு மாலை நேர உற்சாகத்தில் வீணாகிப் போகிறது. நான் பார்த்த கெட்டுப்போன கத்திகளில் காலம் கெடுத்தவை குறைவு, கை கெடுத்தவை அதிகம். அதனால் கீழே ஒவ்வொரு அறிகுறிக்கும் காரணத்தை முதலில் சொல்கிறேன், கைவேலையைப் பிறகு சொல்கிறேன். எந்த இடத்தில் நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

இங்கே பேசுவது அமெரிக்காவில் செய்த மடக்குச் சவரக் கத்திகளைப் பற்றி. 1880-களிலிருந்து முதல் உலகப் போர் வரை இவற்றுக்கு நல்ல காலம். பிளேடை மாற்றிப் போடும் பாதுகாப்பு ரேசரைச் செய்த கில்லெட் நிறுவனம் 1903-இல் விற்றது வெறும் 51 ரேசர்களும் 168 பிளேடுகளும். அடுத்த ஆண்டே ரேசர் விற்பனை 90,000-ஐத் தொட்டுவிட்டது. போரின்போது அமெரிக்க அரசு தன் வீரர்களுக்காக 35 லட்சம் கில்லெட் ரேசர்களை வாங்கியது. பாதுகாப்பு ரேசருக்குப் பழகி ஊர் திரும்பியவர்களில் மிகச் சிலரே மடக்குக் கத்தியை மறுபடி எடுத்தார்கள். ஆகவே உங்கள் கையில் இருப்பது பெரும்பாலும் நூறு வயதை ஒட்டிய பொருள். இன்னொன்று செய்து தர அந்தப் பட்டறைகளில் பெரும்பாலானவை இன்று இல்லை.

பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டியவை: நகைக்கடைக்காரர் கண்ணில் வைத்துப் பார்க்கும் 10 மடங்கு லென்ஸ், டார்ச், வெர்னியர் காலிப்பர், தையல் மெஷின் எண்ணெய், மார்க்கர் பேனா. அலகின் தடித்த மேல்பக்கத்தை முதுகு என்கிறேன். கூர் விளிம்பில் பிடியை ஒட்டிய கோடி அடி, மறுகோடி நுனி. அலகுக்கும், பின்கோடியில் மெலிந்து நீளும் வாலுக்கும் நடுவே முத்திரை குத்தியிருக்கும் தடித்த பகுதி கழுத்து.

கழுத்தில் ‘ஜெனீவா’ என்று இருக்கிறது. சுவிட்சர்லாந்துக் கத்தி என்று சொல்லி விற்றார்கள்

எண்ணெய் தொட்ட துணியால் கழுத்தைத் துடைத்துவிட்டு, டார்ச்சைச் சாய்வாக அடித்துப் பாருங்கள். ஊர்ப் பெயரை அடுத்து ‘என்.ஒய்.’ என்ற எழுத்துகள் இருக்கும். இது நியூயார்க் மாநிலத்தில் செனெக்கா ஏரிக்கரையில் உள்ள ஜெனீவா. 1902-இல் அங்கே தொடங்கிய ஜெனீவா கட்லெரி கம்பெனிதான் ‘ஜென்கோ’ என்ற பெயரிலும் கத்திகளை விற்றது. அமெரிக்கக் கத்தி வேண்டும் என்று தொடங்குபவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்தப் பெயரைத்தான். நிறைய செய்தார்கள், எஃகும் நல்ல எஃகு.

இதற்கு நேர் எதிரான தவறுதான் அடிக்கடி நடக்கிறது. அமெரிக்கக் கடைப் பெயரைப் பார்த்து அமெரிக்கக் கத்தி என்று நம்பி வாங்குவார்கள். கழுத்தின் மறுபக்கத்தைத் திருப்பினால் ‘ஜெர்மனி’ என்றோ ‘சோலிங்கன்’ என்ற ஜெர்மன் ஊரின் பெயரோ இருக்கும். பெரிய அமெரிக்க ஹார்டுவேர் வணிகர்கள் ஜெர்மனியில் செய்யச் சொல்லித் தங்கள் பெயரைப் பொறித்துக்கொண்டார்கள். 1890-ஆம் ஆண்டின் மெக்கின்லி சுங்கச் சட்டப்படி, இறக்குமதிப் பொருளில் அது செய்யப்பட்ட நாட்டின் பெயர் இருக்க வேண்டும். எனவே நாட்டின் பெயர் இருந்தால் விஷயம் முடிந்தது. நாட்டின் பெயர் இல்லை என்பதற்காக அமெரிக்கக் கத்தி என்று முடிவு கட்டிவிடவும் கூடாது. அந்தச் சட்டத்துக்கு முன் இங்கிலாந்தின் ஷெஃபீல்டிலிருந்து கப்பல் கப்பலாக வந்த கத்திகளிலும் அது இல்லாமல் இருக்கலாம்.

நாட்டைத் தேடாமல் ஊரைத் தேடுங்கள். லிட்டில் வேலி என்றால் கேட்டராகஸ் கட்லெரி அல்லது கேஸ் குடும்பத்தாரின் தொடக்ககாலக் கத்தி. பிராட்ஃபோர்டு, பென்சில்வேனியா என்றால் டபிள்யூ. ஆர். கேஸ் அண்ட் சன்ஸ். ஓலியன் என்றால் யூனியன் கட்லெரி. பின்னாளில் கா-பார் என்று பெயர் பெற்றவர்கள் இவர்கள்தான். உஸ்டர், மாசசூசெட்ஸ் என்றால் ஜே. ஆர். டோரி. ஃப்ரீமாண்ட், ஒஹாயோ என்றால் கிளாஸ். செயின்ட் லூயிஸ் என்றால் ஷூமேட். லிட்டில் வேலியும் ஓலியனும் நியூயார்க் மாநிலத்தில் ஒரே கவுன்டியில் இருக்கின்றன. பிராட்ஃபோர்டு மாநில எல்லைக்கு அந்தப்புறம் கொஞ்ச தூரம்தான். வரைபடத்தில் இந்த மூன்று ஊர்களையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். அதன் பிறகு முத்திரைகளை மனப்பாடம் செய்யத் தேவை இருக்காது.

அலகில் துரு, ஆனால் பிடிக்குள் மடங்கியிருந்த பகுதியில் மட்டும்

எல்லா அறிகுறிகளிலும் அவசரமானது இது. மற்ற கோளாறுகள் காத்திருக்கும், இது காத்திருக்காது.

என்னிடம் தேன் நிறத்தில் ஒளி ஊடுருவும் பிடியோடு ஒரு கத்தி இருந்தது. என் கண்ணுக்கு அவ்வளவு அழகான பிடி வேறில்லை. அதை இன்னும் மூன்று கத்திகளோடு ஒரு மரப்பெட்டியில் வைத்து மூடினேன். ஒரு கோடை முழுக்கத் திறக்கவில்லை. திறந்தபோது மூக்கைக் குத்தும் காரமான நெடி அடித்தது. அலகைப் பிரித்தேன். அலகின் மேல், பிடியின் விளிம்பு எந்த வளைவில் போகிறதோ அதே வளைவில், பென்சிலால் வரைந்ததுபோலத் துருவின் எல்லை ஓடியது. பிடிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த முதுகில் ஒரு புள்ளிகூட இல்லை. பக்கத்தில் கிடந்த மற்ற மூன்றிலும், அந்தக் கத்தியைப் பார்த்திருந்த பக்கம் மட்டும் பழுப்பேறியிருந்தது.

காரணம் செல்லுலாய்டு. ஹயாட் சகோதரர்கள் 1870-களில் வணிகப் பொருளாக்கிய இந்தப் பிளாஸ்டிக், நைட்ரோ செல்லுலோஸும் கற்பூரமும் சேர்ந்த கலவை. வயதாகும்போது சில செல்லுலாய்டுகள் சிதையத் தொடங்கி நைட்ரஜன் ஆக்சைடு வாயுக்களை வெளியிடும். காற்றின் ஈரத்தோடு சேர்ந்ததும் அது நைட்ரிக் அமிலம். மடக்கிய கத்தியில் அலகு அந்த அமிலக் காற்றின் நடுவிலேயே படுத்திருக்கிறது. வெளியேறும் அமிலம் செல்லுலாய்டை இன்னும் வேகமாகச் சிதைக்கும். பக்கத்தில் உள்ள நல்ல பிடியையும் கெடுக்கும். அமெரிக்கச் சேகரிப்பாளர்கள் இதைச் செல்லுலாய்டு அழுகல் என்றே சொல்கிறார்கள்.

நெடியைப் பிரித்தறிவதில் நமக்கு ஒரு வசதி உண்டு. கற்பூர வாசனை நம் மூக்குக்குச் சின்ன வயதிலிருந்தே பழக்கம். விரலால் பிடியைத் தேய்த்தபின் லேசாகக் கற்பூரம் மணந்தால் அது நலமான செல்லுலாய்டு, பயப்பட வேண்டாம். மணம் மாறிப் புளித்த, கண் எரியும் நெடி வந்தால் அழுகல் தொடங்கிவிட்டது. பிடியில் சதுரம் சதுரமாக உள்விரிசல், ஆணியைச் சுற்றிப் பச்சைக் கறை, மேற்பரப்பில் பிசுபிசுப்பு ஆகியவை அடுத்த கட்டம். ஆமையோட்டு நிறம், தேன் நிறம் போன்ற ஒளி ஊடுருவும் பிடிகள் இதில் முதலில் விழும். தந்த நிறப் பிடிகள் பொதுவாக நீடிக்கின்றன. வெண்மைக்காக அவற்றில் சேர்த்த துத்தநாக ஆக்சைடு, கசியும் அமிலத்தை ஓரளவு தணித்துவிடுகிறது.

செய்ய வேண்டியது: அந்தக் கத்தியை இன்றே மற்றவற்றிலிருந்து பிரித்து, காற்றோட்டமான, குளிர்ந்த, உலர்ந்த இடத்தில் வையுங்கள். காற்றுப் புகாத பெட்டி வேண்டவே வேண்டாம். ஆணிகளை அரத்தால் தேய்த்து எடுத்து, அலகைப் பிடியிலிருந்து விடுவித்து, துடைத்து, எண்ணெய் பூசுங்கள். அழுகிய பிடிக்கு மருந்து கிடையாது. எவ்வளவு அழகாக இருந்தாலும் அதை விட்டுவிட வேண்டும். என்னுடையதை நான் அப்படித்தான் விட்டேன்.

எக்காரணம் கொண்டும் சூடான ஊசியைக் குத்திச் சோதிக்காதீர்கள். செல்லுலாய்டு நொடியில் தீப்பற்றும். அசிட்டோன் பட்டால் கரையும், ஆல்கஹால் பட்டால் மென்மையாகும். கிருமி நீக்க ஆல்கஹாலைப் பஞ்சில் தொட்டு அலகில் மட்டும் தடவுங்கள்.

கறுப்புப் பிடி பழுப்பாகிவிட்டது

இது எபோனைட், அதாவது கந்தகம் சேர்த்து இறுக்கிய ரப்பர். கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்துச் சூடேறியதும் முகர்ந்தால் கந்தக வாசனை வரும். வெளிச்சம் பட்டுப் பட்டு மேற்பரப்பு பச்சை கலந்த பழுப்பாக மாறியிருக்கிறது. உள்ளே கறுப்பு அப்படியே இருக்கிறது. வெந்நீரில் ஊறவைத்தால் நிறம் இன்னும் மோசமாகும். கண்ணாடி அலமாரியில் வெயில் படும்படி வைப்பதும் கூடாது. 2000 எண் உப்புத்தாளை எண்ணெயில் நனைத்துத் தேய்த்தால் கறுப்பு திரும்பும். ஆனால் பிடியில் அச்சுப்பொறிப்போ பூவேலையோ இருந்தால் தொடாமல் பழுப்பாகவே விட்டுவிடுங்கள். என் தேர்வு எப்போதும் பழுப்புதான்.

தந்தம் என்று சொல்லி விற்கப்படும் வெள்ளைப் பிடி உண்மையில் தந்தமா என்ற சந்தேகமும் அடிக்கடி வரும். ஒன்றையொன்று தொடாத நேர்க்கோடுகள் ஒரே சீராக ஓடினால் செல்லுலாய்டு. சின்னச் சின்னக் கருப்புப் புள்ளிகளும் கீறல்களும் தெரிந்தால் எலும்பு. குறுக்கு வெட்டுப் பக்கத்தில் கோடுகள் ஒன்றையொன்று வெட்டி வலைபோல் தெரிந்தால் யானைத் தந்தம், அப்படியானால் வாங்காதீர்கள். இந்தியாவில் தந்த வணிகத்துக்குத் தடை உண்டு. அமெரிக்காவிலும் 2016 முதல் ஆப்பிரிக்கத் தந்த வணிகம் ஏறத்தாழ முழுமையாகத் தடை செய்யப்பட்டிருக்கிறது.

அலகில் துரு: சிவப்பா, கருப்பா?

வெள்ளைத் துணியில் எண்ணெய் தொட்டுத் துடையுங்கள். துணியில் செம்பழுப்பு ஏறினால் துரு இன்னும் வேலை செய்துகொண்டிருக்கிறது. துணி சுத்தமாக இருந்து, அலகில் சாம்பலும் கருப்புமாக நிறம் நின்றால், அது அடங்கிப்போன பழைய படிவம். அதைத் துரத்தத் தேவையில்லை. எஃகின் வயதைக் காட்டும் நிறம் அதுதான், புதிய துருவையும் கொஞ்சம் தடுக்கும்.

சிவப்புத் துருவுக்குத் தையல் மெஷின் எண்ணெயைப் பூசி ஒரு நாள் விடுங்கள். பிறகு மிக நுண்ணிய 0000 எஃகு நூலால் முதுகிலிருந்து விளிம்பை நோக்கி மட்டும் தேயுங்கள். முன்னும் பின்னுமாகத் தேய்த்தால் விளிம்பு விரலைத் தேடி வரும். அலகைத் தட்டையான மரக்கட்டையில் படுக்க வைத்துச் செய்வது நல்லது. அந்தரத்தில் பிடித்து அழுத்தினால், இரு பக்கமும் குழித்து மெலிதாக்கிய அலகு ஒடிந்துவிடும்.

நம் வீட்டுப் பழக்கம் இரண்டை இங்கே விட்டுவிட வேண்டும். ஒன்று, புளியும் எலுமிச்சையும். பித்தளைக் குத்துவிளக்குக்கு அவை சரி. கார்பன் எஃகை அந்த அமிலம் அரித்து மங்கலான சாம்பல் நிறத்தில் விட்டுவிடும். அலகில் அமிலத்தால் பொறித்த பெயரையும் தின்றுவிடும். இரண்டு, தேங்காய் எண்ணெய். அது 24 டிகிரிக்குக் கீழே உறைந்துபோகும். தாவர எண்ணெய்கள் நாள்பட்டால் சிக்குப் பிடித்துப் பிசினாகும். கனிம எண்ணெய் போதும்.

அலகின் முகத்தில் தங்க முலாம் பூசிய எழுத்தோ படமோ மிச்சமிருந்தால், அந்தப் பக்கத்தில் எந்தப் பாலிஷும் படக்கூடாது. முலாம் மிக மெல்லியது. பாலிஷ் தொட்ட துணியை நாலு தடவை இழுத்தாலே போய்விடும், திரும்ப வராது. எண்ணெய் தொட்ட விரல் நுனியால் துடையுங்கள், வேறொன்றும் வேண்டாம்.

கடைசியாக, கரும்புள்ளிகள். துரு போனபின் ஊசி குத்தியதுபோல் குழிகள் தெரிந்தால் அவை விளிம்பிலிருந்து எவ்வளவு தூரம் என்று லென்ஸில் பாருங்கள். அலகின் நடுவில் இருந்தால் கவலை இல்லை. விளிம்பைத் தொட்டால் தீட்டத் தீட்ட அங்கே பல் விழும். அந்தக் கத்தி அலமாரிக்கு மட்டும்.

கண்ணாடிபோல் மின்னுகிறது, ஆனால் கூர் இரண்டு சவரம்கூட நிற்கவில்லை

மின்னும் கத்தியைப் பார்த்தால் நான் முதலில் கழுத்தின் முத்திரையைத்தான் பார்ப்பேன். எழுத்துகளின் ஓரம் மழுங்கி, ஆழம் குறைந்து, கழுத்தின் விளிம்புகள் உருண்டிருந்தால், யாரோ மோட்டார் பாலிஷ் சக்கரத்தில் பிடித்திருக்கிறார்கள். சக்கரத்தில் மெல்லிய விளிம்பு கண நேரத்தில் சூடேறும். கார்பன் எஃகு 220 டிகிரி அளவில் வைக்கோல் மஞ்சளாகவும், 300 டிகிரி அளவில் நீலமாகவும் நிறம் மாறும். அந்த நிறம் எஃகின் பதம் இறங்கிவிட்டதற்கு அடையாளம். பாலிஷ் செய்தவர் அந்த நிறத்தையும் துடைத்திருப்பார். கடினம் மட்டும் திரும்பியிருக்காது. மென்மை விளிம்பின் வெளி ஓரத்தில் மட்டும் இருந்தால், தீட்டித் தீட்டி உள்ளிருக்கும் நல்ல எஃகை எட்டிவிடலாம். ஒரு மில்லிமீட்டர் போயும் கூர் நிற்கவில்லை என்றால் விட்டுவிடுங்கள். ஒரே விலைக்கு மின்னும் கத்தியும் மங்கிய கத்தியும் கிடைத்தால், மங்கியதை வாங்குங்கள்.

எவ்வளவு தீட்டியும் கூர் வரவில்லை

கல்லை மாற்றுவதற்கு முன் மார்க்கர் பேனாவை எடுங்கள். விளிம்பின் இரு பக்கத்திலும் அடி முதல் நுனி வரை மை தீட்டுங்கள். 1000 எண் தீட்டுக் கல்லில் (எண் கூடக் கூடக் கல் நுண்மையானது), கத்தியின் எடையைத் தவிர வேறு அழுத்தம் இல்லாமல், நான்கே நான்கு தடவை இழுங்கள். இப்போது லென்ஸில் பாருங்கள். மை போன இடம் கல் தொட்ட இடம், மை நின்ற இடம் கல் தொடாத இடம்.

மை விளிம்பு நெடுக, ஆனால் ஒரு மயிரிழை உள்ளே தள்ளி மட்டும் போயிருந்தால், கல் இன்னும் விளிம்பை எட்டவில்லை. 1000 எண் கல்லிலேயே இருங்கள். முன்கை ரோமத்தை அடி, நடு, நுனி மூன்றும் எளிதாக மழிக்கும் வரை அடுத்த கல்லுக்குப் போக வேண்டாம். பெரும்பாலான தோல்விகள் இந்த இடத்தில் பொறுமை இல்லாததால் வருபவை. 1000-இல் சரியாகாததை 12000 சரி செய்யாது.

நடுவில் மட்டும் மை நின்றால் விளிம்பு உள்வளைந்திருக்கிறது, அல்லது கல் குழிந்திருக்கிறது. கல்லின் மேல் பென்சிலால் கட்டம் போட்டு, கண்ணாடியில் விரித்த ஈர உப்புத்தாளில் தேய்த்தால், கட்டம் அழியாத இடம் பள்ளம் என்று தெரிந்துவிடும். முதலில் கல்லைச் சந்தேகப்படுங்கள்.

அடியில் மட்டும் மை நிற்பதுதான் என்னை ஒரு வாரம் அலைக்கழித்தது. அலகு முறுக்கியிருக்கிறது என்றே நினைத்தேன். பிறகு ஒரு நாள் இரவு, கத்தியைக் கல்லில் படுக்கவைத்து மறுபக்கத்திலிருந்து டார்ச் அடித்தேன். அடியில் விளிம்புக்கும் கல்லுக்கும் நடுவே கீற்றாக வெளிச்சம் தெரிந்தது. அந்த வெளிச்சம் கழுத்தை நெருங்கியதும் சட்டென்று நின்றது. அலகு கழுத்தோடு சேரும் இடத்தில் இருக்கும் தடித்த தோள்பட்டை கல்லில் ஏறி உட்கார்ந்து, விளிம்பைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தது. முன்பு வைத்திருந்தவர்கள் ஆண்டுக்கணக்கில் தீட்டியதில் விளிம்பு தேய்ந்து தோளை நெருங்கிவிட்டிருந்தது. கத்தியை விரல் அகலம் வெளியே தள்ளி, தோள் கல்லுக்கு வெளியே நிற்கும்படி சற்றுச் சாய்த்து இழுத்தேன். அன்றே கூர் வந்தது. தோள் மிகவும் முன்னால் வந்துவிட்டால், அந்த மூலையைக் கையால் சிறிது தேய்த்துக் குறைக்க வேண்டும். அழுத்தித் தீட்டினால் முதுகுதான் தேயும்.

முதுகு தேய்வது சின்ன விஷயம் இல்லை. இந்தக் கத்தியில் தீட்டும் கோணத்தை வைப்பது முதுகின் பருமன். அங்குலத்தில் எட்டில் ஐந்து, அதாவது 15.9 மில்லிமீட்டர் அகல அலகில் முதுகு 4.5 மில்லிமீட்டர் இருந்தால் கோணம் 16 டிகிரிக்குச் சற்று மேல். அதே அகலத்தில் முதுகு 3.6 ஆகத் தேய்ந்திருந்தால் கோணம் 13 டிகிரி. அவ்வளவு மெல்லிய விளிம்பு கல்லில் கூராகும், தாடியில் பட்டதும் உதிரும். காலிப்பரால் அளந்து, கோணம் குறைந்திருந்தால் முதுகின் மேல் இன்சுலேஷன் டேப் ஒரு சுற்று ஒட்டித் தீட்டுங்கள். கோணம் ஏறத்தாழ ஒரு டிகிரி ஏறும். முதுகில் பூவேலை இருந்தால் கோணம் சரியாக இருந்தாலும் டேப் ஒட்டித்தான் தீட்ட வேண்டும்.

விளிம்பில் மயிர்போல ஒரு கோடு

லென்ஸும் பக்கவாட்டு வெளிச்சமும் வேண்டும். ஒரு சொட்டு எண்ணெய் விட்டுத் துடைத்தபின் அந்தக் கோட்டில் மட்டும் எண்ணெய் கசிந்தால் அது விரிசல். அதைத் தீட்டிச் சரிசெய்ய முடியாது. சவரத்தின் நடுவே அந்தத் துண்டு உடைந்து விழலாம். கத்தியை வைத்துக்கொள்ளுங்கள், முகத்துக்குக் கொண்டுபோகாதீர்கள்.

மூடும்போது அலகு பிடியில் இடிக்கிறது

மேலிருந்து பாருங்கள். பிடித் தகடுகளில் ஒன்று வளைந்திருந்தால் பழுது பிடியில். தகடுகள் நேராக இருந்தும் அலகு ஒரு பக்கம் சாய்ந்தால் ஆணி தளர்ந்திருக்கிறது. முனையின் எடையிலேயே அலகு தொங்கி விழுந்தால் சந்தேகமே இல்லை.

ஆணி பெரும்பாலும் ஒன்றரை மில்லிமீட்டர் அளவு பருமனான பித்தளை. சின்னப் பட்டறைக்கல்லில் ஆணியின் ஒரு தலையை வைத்து, மறு தலையின் நடுவில் தட்டாமல், ஓரத்தைச் சுற்றி உருண்டைத்தலைச் சுத்தியலால் தட்டுங்கள். நகைப் பட்டறையில் பொற்கொல்லர் தட்டும் அளவு போதும். மூன்று தட்டு, பிறகு அலகைத் திறந்து மூடிப் பார்க்க வேண்டும். மறுபடி மூன்று. இறுக்கம் வந்த உடனே நிறுத்துங்கள். அடுத்த தட்டில் பழைய செல்லுலாய்டு ஆணித் துளையிலிருந்து விரிந்துவிடும்.